‘210 பேரிங்’: கரும்பு டிரெய்லரின் இடது பின் சக்கரம் கழன்றது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் ஆட்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு ஏற்றும் நாலு சக்கர டிராக்டர் டிரெய்லர் அது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதைக் கட்டிக்கொடுத்தது எங்கள் பட்டறை. உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. தன் கரும்பு வெட்டி முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்களின் கரும்பை வாடகைக்கு ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஓட்டுநர் இருபத்தைந்து வயதுப் பையன். பொறுப்பானவன், வண்டியைக் கழுவி வைப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சக்கரம் கழன்ற அன்று எல்லாரும் முதலில் அவனைத்தான் திட்டினார்கள்.

ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், அதன் அமைப்பு தெரிந்தால்தான் பின்னால் சொல்வது புரியும். அச்சின் முனையில் இருக்கும் ஸ்டப்பில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் உட்காருகின்றன. உள்பக்கம் பெரியது, 32213. வெளிப்பக்கம் சின்னது, 32210. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. ஹப்புக்குள் அடித்து இறக்குகிற வெளி வளையத்தைக் கப் என்போம். ரோலர்களோடு ஸ்டப்பில் நுழைகிற உள் வளையம் கோன். உள்பக்கக் கடைசியில், கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீல். வெளிப்பக்கம் ஒரு நாக்கு வாஷர், அதன் மேல் பள்ளம் வெட்டிய கேஸில் நட், நட்டைத் திரும்ப விடாமல் குறுக்கே ஸ்பிளிட் பின், எல்லாவற்றையும் மூடி ஒரு ஹப் மூடி. இருப்பதே இவ்வளவுதான்.

இந்த டிரெய்லரை 8 டன் சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டினேன். அந்தப் பருவத்தின் எடைமேடை ரசீதுகளைப் பிறகு வாங்கிப் பார்த்தபோது பெரும்பாலான நடைகள் 12 டன் பக்கம் இருந்தன. டிரெய்லரின் சொந்த எடை 2 டன்னையும் சேர்த்தால், 10 டன் தாங்க வேண்டிய பேரிங்குகள் 14 டன்னைத் தாங்கின. பார்த்தால் நாற்பது சதவீதம்தான் கூடுதல். ஆனால் ரோலர் பேரிங்கின் ஆயுள் சுமையோடு நேர்கோட்டில் குறைவதில்லை. இந்தக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஹப் மூடி கார்த்திகை மாதமே எங்கோ விழுந்துவிட்டது. அதற்குப் பதில் பாலிதீன் பையைச் சுற்றி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார்கள். கரும்புக் காட்டுப் புழுதியில் இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

முதல் பழுது: பொங்கல் முடிந்த இரவு

காணும் பொங்கலுக்கு மறுநாள் இரவு பதினொன்றரைக்கு ஓட்டுநரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, பின்னாடி லெப்ட் ஹப்புல புகை வருது. கரகரன்னு சத்தம் கேட்டுச்சு, நிறுத்திட்டேன்.”

“லோடா, காலியா?”

“காலிதான்ணா. ஆலையில இறக்கிட்டு வரேன்.”

தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும் என்றேன். பட்டறைக்கு இழுத்து வரச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், நானும் விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். உரிமையாளர் பெரியவரும் லைனில் வந்தார். அவர் நிலைமையும் நெருக்கடிதான். வெட்டு உத்தரவு வந்து, கரும்பை வெட்டிப் போட்டாயிற்று. வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். வெட்டுக்கூலி ஆட்களும் காத்திருந்தார்கள். காலையில் வண்டி வேண்டும். பக்கத்து ஊரில் டீசல் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரை வைத்து ரோட்டோரமே சரிசெய்வது என்று முடிவாயிற்று. அதற்கு நானும் சரி என்றேன்.

“எந்தப் பேரிங்ணா வாங்கறது?”

“வெளியில 210 டேப்பர்.”

இந்தச் சம்பவத்தில் நான் செய்த தவறு இந்த ஒரு வரி. எங்கள் தொழிலில் யாரும் ஐந்து இலக்கமும் சொல்வதில்லை. 210 என்றால் போதும். அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள் துளை மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 10 என்றால் 50 மில்லி, 13 என்றால் 65. இந்தப் பழக்கமே முன்னால் இருக்கும் இரண்டு இலக்கத்தை மறக்க வைக்கிறது. 30210 என்று ஒரு பேரிங் உண்டு, 32210 என்று ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் உள் துளை 50 மில்லி, வெளி விட்டம் 90 மில்லி. ஸ்டப்பிலும் ஹப்பிலும் இரண்டுமே கச்சிதமாக உட்காரும். அகலம்தான் வேறு. 30210-க்கு 21.75 மில்லி, 32210-க்கு 24.75.

பேரிங் கடைக்காரர் பண்டிகை விடுமுறையிலும், தூக்கத்திலிருந்து எழுந்து கடையைத் திறந்து கொடுத்தார். அவர் கையில் இருந்தது 30210. கேட்டதும் 210 டேப்பர்தான். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ரோட்டோரத்தில் நடந்ததை மெக்கானிக்கும் ஓட்டுநரும் பிறகு ஒளிக்காமல் சொன்னார்கள். வெளிப் பேரிங்கின் ரோலர்கள் உடைந்து, அவற்றைப் பிடித்திருக்கும் கூடு கிழிந்து கிடந்தது. கோன் ஸ்டப்பின் மேல் உரசிச் சுற்றியதில் நாக்கு வாஷரின் நாக்கு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதே அளவில் வேறு வாஷர் இல்லாததால், மெக்கானிக் பையில் இருந்த சாதா வாஷரைப் போட்டார்கள். பழைய கப்பைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்து, புதிய கப்பை ஒழுங்காகவே இறக்கினார்கள். உள் பேரிங்கைத் துணியால் துடைத்து, மேலே கிரீஸ் தடவித் திரும்பவும் போட்டார்கள். சீலைத் தொடவில்லை.

நட்டை முறுக்கும்போது மெக்கானிக், “முன்ன இருந்ததவிட உள்ள போகுதே” என்று சொன்னாராம். பேரிங் புதுசு, நன்றாக உட்காருகிறது என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். துருப்பிடித்த ஸ்பிளிட் பின் கழற்றும்போதே ஒடிந்துவிட்டிருந்தது. வெல்டிங் ராடு ஒன்றின் மேல்பூச்சைத் தட்டிவிட்டு, 3.15 மில்லி கம்பியை ஓட்டையில் நுழைத்து இரண்டு பக்கமும் மடக்கினார்கள். மேலே மறுபடி பாலிதீன் பை.

விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி வயலுக்குப் போய்விட்டது. மறுநாள் நான் போன் செய்தேன். “ஓடுதா?” என்று கேட்டேன். “நல்லா ஓடுதுண்ணா” என்றான். அத்தோடு விட்டுவிட்டேன்.

இடையில் 19 நாள்

அடுத்த 19 நாளில் 17 நடை. இந்த நாட்களில் அந்தச் சக்கரம் மூன்று முறையாவது ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறது.

பத்தாம் நாள் வாக்கில் இடது பின் ரிம்மின் உள்பக்கம் கறுப்பாக ஈரம் தெறித்திருந்ததைச் சுமை ஏற்றுகிறவர்களில் ஒருவர் பார்த்திருக்கிறார். டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில் சிந்தியிருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அது ஹப் கிரீஸ். சக்கரம் ஆட ஆட, சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்து வழிவிட்டிருந்தது.

அதே சமயத்தில் அந்த டயரின் உள் ஓரம் மட்டும் தேயத் தொடங்கியது. நான் பார்த்தபோது மற்ற ஓரத்துக்கும் அதற்கும் கை வைத்தாலே வித்தியாசம் தெரிந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. கழல்வதற்கு இரண்டு நாள் முன்பு அதே டயரில் பஞ்சர். ஆலை ரோட்டில் பஞ்சர் போடுகிறவர் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். அது அவர் பழக்கம். “தம்பி, பேரிங் ஆட்டம் இருக்கு, பாத்துக்க” என்றாராம். பையன் சொன்ன பதில்: “பேரிங் புதுசுண்ணே, இப்பத்தான் போட்டது.”

நாலு சக்கரத்தில் மூன்றின் பேரிங் பழசு. யாராவது சந்தேகப்பட்டிருந்தால் அந்த மூன்றையும்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். புதுசு போட்ட சக்கரத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. போன் செய்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன்.

சக்கரம் கழன்ற காலை

விடியற்காலை 4.40. ஏறக்குறைய 12 டன் சுமை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் இருக்கும் என்றான். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு, முந்திப் போகும்போது கையை ஆட்டிக் காட்டினார். வழி கேட்கிறார் என்று நினைத்து வண்டியை இன்னும் இடது பக்கம் ஒதுக்கியிருக்கிறான். கொஞ்ச தூரத்தில் டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் ஹப்போடு கழன்று, ரோட்டைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தது. ஸ்டப் தாரைக் கிழித்துக்கொண்டு 11 மீட்டர் போய் நின்றது. நாலில் ஒரு பங்கு கரும்பு ரோட்டில் சரிந்தது.

யாருக்கும் அடி இல்லை. வழக்கமாகக் கரும்பின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். அன்று அவர்கள் அடுத்த வயலுக்கு ஆட்டோவில் போயிருந்தார்கள், வேறு காரணம் ஏதும் இல்லை. சக்கரம் ஓடிய கோட்டில் ஒரு டீக்கடை பெஞ்ச் இருந்தது. ஐந்தரை மணிக்குத்தான் கடை திறக்கும்.

என்ன பார்த்தோம்

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. அதற்குள் நாலு காரணம் தயாராக இருந்தது. பள்ளத்தில் இறங்கியது, வேகத்தடையில் அடித்தது, லோடு அதிகம், பேரிங் மட்டம். கரும்பை மாற்றி ஏற்றும் வேலை நடக்கும்போதே, பையனையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வண்டி வந்த வழியில் பின்னோக்கி நடந்தேன்.

சக்கரம் கழன்ற இடத்திலிருந்து சுமார் 340 மீட்டர் தள்ளி, ரோட்டோர மண்ணில் நட் கிடந்தது. எடுத்துத் துடைத்து விரலை உள்ளே விட்டுத் தடவினேன். மரை முழுசாக இருந்தது, ஒரு சுற்றுகூடச் சிதையவில்லை. இந்த நட்டைக் கண்டுபிடித்திராவிட்டால் மற்ற நாலு காரணங்களில் ஒன்றுதான் நிலைத்திருக்கும். சுமையோ அடியோ நட்டைப் பிய்த்து எறிந்திருந்தால் மரை வழித்துக்கொண்டு போயிருக்கும். இது தானாகத் திருகிக் கழன்றிருக்கிறது.

ஸ்டப்பைப் பார்த்தோம். அதன் அடிப்பக்க மரைகள் மட்டும் நசுங்கியிருந்தன, மேல்பக்கம் சுத்தம். நட் விழுந்த பிறகு கோன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, மரையின் மேலேயே சுமையைத் தாங்கி உருண்டதன் தழும்பு அது. வெளிப் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாரித்திருந்தது. அது முதல் பழுதில் ஏறிய சூடு. ஸ்பிளிட் பின் ஓட்டைக்குள் வெல்டிங் ராடின் துண்டு கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு முனையும் வெட்டுப்பட்டிருந்தன.

பட்டறைக்கு வந்து, கழன்ற பேரிங்கை வெர்னியரில் அளந்தோம். 21.75. பக்கத்தில் பீரோவிலிருந்து ஒரு 32210-ஐ எடுத்து வைத்தேன். 24.75. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும்.

“மூணு மில்லிக்கா இவ்வளவு?” என்றார் பெரியவர்.

மூன்று மில்லி மட்டும் என்றால் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். வலது பக்க ஸ்டப்பில் இரண்டு பேரிங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். நட்டின் பள்ளம் 8 மில்லி ஆழம். சரியான பேரிங் போட்டால் பின் ஓட்டையின் நடு, நட்டின் மேல்மட்டத்துக்கு 5 மில்லி கீழே, பள்ளத்துக்குள் ஆழமாக இருக்கிறது. ஒல்லிப் பேரிங் போட்டால் நட் மூன்று மில்லி உள்ளே போகிறது, ஓட்டையின் நடு மேல்மட்டத்துக்கு 2 மில்லிதான் கீழே. அந்த 6 மில்லி ஓட்டையில் 3.15 மில்லி கம்பி தளர்வாக ஆடுகிறது. மேலே ஏறி நின்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு பள்ளத்துக்கு வெளியே. கம்பியின் வெட்டுப் பரப்போ, ஓட்டை நிறைய இருக்க வேண்டிய பின்னோடு ஒப்பிட்டால் கால் பங்கு சொச்சம்தான்.

அடுத்தது வாஷர். வாஷரின் நாக்கு ஸ்டப்பில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை, பேரிங் எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சுழற்சி நட்டுக்குப் போகாது. சாதா வாஷர் பேரிங்கோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், நட்டையும் தள்ளும். எந்தத் திசையில் தள்ளும் என்பதுதான் கடைசி விஷயம். இடது பக்கம் நின்று பார்த்தால், முன்னோக்கிப் போகும் சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. நம் நட் வலது மரை. எதிர்த் திசையில் திரும்பினால் கழலும். இதே மூன்று குறையும் வலது பக்கச் சக்கரத்தில் இருந்திருந்தால் நட் இறுகி, பேரிங் சூடாகிப் பிடித்திருக்கும். அதுவும் கெடுதல்தான், ஆனால் சத்தமும் புகையும் வந்து முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கூடுதல் சுமையை இதில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். முதல் பழுதுக்குக் காரணம் சுமையும், மூடி இல்லாமல் உள்ளே போன புழுதியும். இரண்டாவதுக்குக் காரணம் நாங்கள் செய்த ரிப்பேர்.

மற்ற மூன்று ஹப்

அன்றே மூன்றையும் திறந்தோம். வலது பின்: நட் அளவுக்கு மீறி இறுக்கம், கிரீஸ் கறுத்துக் கட்டிதட்டி, ரோலர்களில் சூட்டு நிறம். இடது முன்: கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தது. ஓடையைத் தாண்டிப் போகும் வயல் ஒன்று உண்டு, ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கப்பின் பாதையில் ரோலர் இடைவெளிக்கே வரிவரியாகத் துரு. வலது முன் மட்டும் பரவாயில்லை.

மூன்றிலும் இருந்தது மஞ்சள் சேசிஸ் கிரீஸ். கொட்டகையில் கலப்பைக்கு வைத்திருந்த டின்னிலிருந்து போட்டது. அது கால்சியம் வகை, 100 டிகிரி பக்கம் போனாலே இளகி ஒழுகிவிடும். சக்கரப் பேரிங்குக்கு லித்தியம் வகை வேண்டும், அது 180 டிகிரிக்கு மேல்தான் இளகும். கடையில் ஏ.பி.3 என்று கேட்டால் தருவார்கள்.

எடுத்த முடிவுகள்

முதலில் ஸ்டப். வெளிப் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, நீலம் பாரித்திருந்தது. பெரியவர் அதில் வெல்டிங் நிரப்பி லேத்தில் கடைந்துவிடலாம் என்றார். பல பட்டறையில் செய்வதுதான், செலவும் நாலில் ஒரு பங்கு. நான் மறுத்தேன். ஒரு முறை வெந்து நிறம் மாறிய இரும்பு, அதன் மேல் மறுபடி வெல்டிங் சூடு, அதுவும் 14 டன்னில் பங்கு தாங்கும் முனையில். விரிசல் எங்கே தொடங்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. பின் அச்சையே மாற்றுவது, காசைப் பருவம் முடிந்து வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். என் பங்கு தவறும் இதில் இருந்ததால் கூலி வாங்கவில்லை.

அடுத்து, நாலு ஹப்பிலும் கப், கோன், சீல், நாக்கு வாஷர், ஸ்பிளிட் பின் எல்லாம் புதுசு. வலது முன் பேரிங்கை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அதையும் மாற்றினோம். ஒரே நாளில் தொடங்கினால் அடுத்த பரிசோதனை நாளும் ஒன்றாக இருக்கும். கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விட்டுவைப்பது இந்தப் பக்கம் நிறைய நடக்கிறது. கப்பில் ஏற்கனவே விழுந்த தழும்பு புதிய ரோலரைச் சீக்கிரமே தின்றுவிடும்.

பழைய கிரீஸை டீசலில் ஒரு துளி இல்லாமல் கழுவி எடுத்தோம். இரண்டு வகை கிரீஸ் கலந்தால் பல நேரம் இரண்டுமே நீர்த்துப் போகும். கழுவியதும் நன்றாகத் துடைத்துக் காயவைத்தோம்.

கிரீஸ் பிடிப்பதைப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்யச் சொன்னேன். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ். கோனின் அகலமான பக்கத்தைக் கீழே வைத்து, உள்ளங்கை ஓரத்தில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கூட்டுக்கும் கோனுக்கும் இடையில் நுழைகிற கிரீஸ், மேல்பக்கம் குறுகிய ஓரத்தில் ரோலர்களுக்கு நடுவே புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும்வரை விடக் கூடாது. பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். முழுச் சுற்று வர ஐந்து நிமிடம் ஆகிறது. மேலே தடவினால் அரை நிமிடம்தான். ரோட்டோரத்தில் நடந்தது அந்த அரை நிமிட வேலை. ஹப்புக்குள் இருக்கும் வெற்றிடத்தில் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. முழுக்கத் திணித்தால் கடைந்து கடைந்து சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு வரும்.

நட் முறுக்குவதில்தான் ஆளுக்கு ஒரு பழக்கம். நாங்கள் செய்வது இது. சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் நட்டை இறுக்க வேண்டும், சக்கரம் சுற்றக் கனமாகும்வரை. சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கோணலாக நின்றுகொண்டு பொய் இறுக்கம் காட்டும். இறுகியதும் நட்டை முழுசாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்பவும் இறுக்கி, ஓட்டைக்கு நேராகப் பள்ளம் வரவில்லை என்றால் தளரும் திசையில் பின்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், முன்பக்கம் கூடாது. ஹப்பை இழுத்துத் தள்ளினால் உள்ளேயும் வெளியேயும் மயிரிழை அசைவு இருக்க வேண்டும். டயல் வைத்து அளந்தபோது நாலிலும் 0.05-க்கும் 0.15 மில்லிக்கும் நடுவில் வந்தது. பிறகு பின், மடக்கு, மூடி.

ஓட்டிப் பார்த்தது

காலி வண்டி 5 கிலோமீட்டர், பிறகு 6 டன்னோடு 10 கிலோமீட்டர். நிறுத்தியதும் நாலு ஹப்பிலும் வெப்பமானி காட்டினேன். 47, 49, 46, வலது முன் மட்டும் 71. கையால் தொட்டாலே தெரிந்தது. மூன்றில் புறங்கையை வைத்திருக்க முடிந்தது, நாலாவதில் எடுத்துக்கொண்டேன். திறந்தால், பையனுக்குச் சொல்லிக்கொடுத்த உற்சாகத்தில் நானே அந்த நட்டை ஒரு பள்ளம் முன்பக்கமாகத் திருப்பிப் பின் போட்டிருந்தேன். பின்னால் திருப்பினேன். அடுத்த ஓட்டத்தில் 50.

வீல் நட்டுகளை 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப இறுக்கினோம். நாலைந்து நட் கொஞ்சம் இடம் கொடுத்தன. புதிதாக உட்காரும் டிஸ்க்கில் அது எதிர்பார்ப்பதுதான்.

அப்புறம்

பருவம் முடியும்வரை வண்டி ஓடியது. வாரம் ஒரு நாள் பையன் நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். நடை முடிந்து ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது நாலு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. வரிசை எப்படியும் மணிக்கணக்கில் நிற்கும். சித்திரையில் திறந்தபோது கிரீஸ் நிறம் மாறாமல் இருந்தது. இடது முன் சீலை மட்டும் மாற்றினோம், அந்த ஓடை வயல் இன்னும் இருக்கிறது. சுமையைப் பெரியவர் 10 டன்னுக்குக் குறைத்தார். நான் 8 கேட்டேன். வாடகைக் கணக்கில் 8 கட்டுப்படியாகாது என்றார். அதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இனி எப்படிச் செய்வேன்

இப்போது போனில் பேரிங் நம்பர் சொல்வதை நிறுத்திவிட்டேன். பழைய பேரிங்கின் முகத்தைத் துடைத்துப் போட்டோ அனுப்பச் சொல்கிறேன், ஐந்து இலக்கத்தையும் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் பட்டறை கட்டும் டிரெய்லரில் இப்போது இரண்டு நம்பரையும் அச்சின் மேல் வெல்டிங்கில் எழுதிவிடுகிறோம்.

ரோட்டோர ரிப்பேர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கரும்பு ஏற்றுகிறவரிடம் அது நடக்காது. ஆனால் அந்த ஹப்பில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுவிட்டு, அடுத்த நாள் பகலில் திறந்து பார்க்கும்வரை காலியாகவோ பாதிச் சுமையோடோ ஓட்டச் சொல்வேன். அந்த இரவில் பையனிடம் நான் இரண்டே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்: ஸ்பிளிட் பின் நட்டின் பள்ளத்துக்குள் முழுசாக இருக்கிறதா, வாஷரில் நாக்கு இருக்கிறதா.

டூல் பாக்ஸில் ஒரு செட் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 32213, 32210, சீல், நாக்கு வாஷர், ஆறு ஸ்பிளிட் பின். பேரிங்கை அதன் காகிதத்திலேயே பிரிக்காமல், பாலிதீனில் கட்டி.

இடது பக்க ஸ்டப்புக்கு மட்டும் இடது மரை வெட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். கழலும் திசை அடைபட்டுவிடும். ஆனால் ஒருநாள் யாராவது ஒருவர் இருட்டில் வலது மரை நட்டை அடித்து ஏற்றுவார். அதனால் விட்டுவிட்டேன்.

ஹப் மூடிக்குத்தான் வழி கிடைக்கவில்லை. அழுத்தி மாட்டும் மூடியைத் திருகு வைத்த மூடியாக மாற்றினோம். ஆலை வாசலில் கரும்புக் கட்டு உரசி, இந்தப் பருவத்தில் இதுவரை இரண்டு போய்விட்டது.